புதுச்சேரி வெயிலில் பாறை இடுக்குத் தோட்டம்: ஆல்ப்ஸ் செடி வராது, கல் வரும்

கேள்வியின் சுருக்கம் இது: லாஸ்பேட்டையில் சொந்த வீடு. எடின்பரோவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, கல் பலகைகளைச் செங்குத்தாக நட்டு அவற்றின் இடுக்குகளில் ஆல்ப்ஸ் மலைச் செடிகள் வளர்ப்பதைப் பார்த்திருக்கிறார் கேட்டவர். வீட்டின் பின்புறம் பத்துக்கு ஆறு அடி இடம் இருக்கிறது. ஜென்ஷியன், சாக்ஸிஃப்ரேஜ், எடல்வைஸ் விதைகளும் வாங்கிவிட்டார். கடப்பா கல் போதுமா, மண் கலவை என்ன, நிழல்வலை கட்டினால் செடிகள் தாங்குமா என்று கேட்கிறார்.

அம்மா, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தாங்காது. நிழல்வலை கட்டினாலும், இரண்டு வேளை தண்ணீர் தெளித்தாலும் அந்த மூன்று செடிகளும் இங்கே ஒரு கோடையைக் கடக்காது. ஆனால் தோட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை. நீங்கள் எடின்பரோவில் பார்த்ததில் கல் அடுக்கும் முறை ஒன்று, அதில் குடியிருக்கும் செடிகள் இன்னொன்று. முறை இங்கே நன்றாக வரும். செடிகளை மட்டும் நம் பக்கத்துப் பாறைகளிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஏன் தாங்காது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இல்லாவிட்டால் "அவருக்கு வளர்க்கத் தெரியவில்லை, நான் வளர்க்கிறேன்" என்று ஒவ்வொருவரும் பணத்தைச் செலவழிப்பார்கள்.

எல்லோரும் பகல் வெயிலைத்தான் குற்றம் சொல்வார்கள். மலை உச்சியிலும் பகல் வெயில் கடுமைதான். காற்று மெலிந்த இடம் என்பதால் புற ஊதாக் கதிர் நம் ஊரைவிட அங்கே அதிகம். எடல்வைஸ் பூவைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பஞ்சு அந்தக் கதிரையும் வறண்ட காற்றையும் சமாளிக்கத்தான். இந்தச் செடிகளைக் கொல்வது நம் இரவு. செடி பகலில் சர்க்கரை தயாரிக்கிறது, இரவிலும் மூச்சு விட்டு அதைச் செலவழிக்கிறது. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் அந்தச் செலவு ஏறத்தாழ இரு மடங்காகும். ஆல்ப்ஸில் கோடை இரவு ஐந்து டிகிரிக்கு அருகில் இருக்கும். செடி கையிருப்பைத் தொடாமல் தூங்கும். புதுச்சேரியில் அக்னி நட்சத்திர நாட்களில் இரவு 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. பகலில் சம்பாதித்ததை இரவெல்லாம் எரித்துவிட்டு, விடியும்போது செடி கடனில் நிற்கும். சில வாரம் இப்படிப் போனால் தண்டு மெலிந்து, கழுத்தில், அதாவது தண்டு மண்ணைத் தொடும் இடத்தில், அழுகல் பிடித்து முடிந்துவிடும். நிழல்வலை பகலைக் கொஞ்சம் குறைக்கும், இரவை ஒன்றும் செய்யாது. பகல் வெளிச்சத்தையும் குறைத்துவிடுவதால் வருமானமும் போய்விடும்.

இன்னொன்று, அந்தச் செடிகளின் உருவம். மெத்தை போலத் தரையோடு ஒட்டி, இலைகளை நெருக்கி, பந்தாகக் குறுகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக அப்படி இல்லை. குளிர் காற்றுக்கு அகப்படாமல் வெயிலின் சூட்டைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் உடலமைப்பு அது. நல்ல வெயிலில் அந்த மெத்தையின் உட்புறம் சுற்றியுள்ள காற்றைவிடப் பத்து டிகிரிக்கும் மேலாகச் சூடாக இருக்கும். காற்று பத்து டிகிரியாக இருக்கும் மலையில் அது உயிர் காக்கிறது. காற்றே 38 டிகிரியாக இருக்கும் லாஸ்பேட்டையில் தன்னைத் தானே வேகவைத்துக்கொள்ளும்.

எடின்பரோவில் ஜூலை மாதப் பகல் சராசரியாக 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. அதற்குச் சற்றே சூடான லண்டனிலேயே இந்தச் செடிகளுக்குத் தனி ஏற்பாடு தேவைப்படுகிறது. கியூ தாவரவியல் தோட்டத்தில் 2006-இல் திறந்த ஆல்பைன் (உயர்மலைச் செடி) கண்ணாடி மாளிகையின் அடியில் கான்கிரீட் சுரங்க அறைகள் கட்டி, காற்றை அதன் வழியே விட்டுக் குளிர்வித்து மேலே செடிகளின் மீது வீசச் செய்கிறார்கள். லண்டனுக்கே இந்தப் பாடு.

ஊட்டியில் வைக்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். அங்கே டிசம்பர், ஜனவரியில் உறைபனி உண்டு, சில வகைகள் கொஞ்ச காலம் நிற்கும். ஆனால் உண்மையான ஆல்பைன் செடிக்குக் குளிர்காலம் முழுவதும் பனிப்போர்வைக்கு அடியில் ஈரம் படாத உறக்கம் வேண்டும். ஊட்டியில் பனி மூடுவதில்லை, மழைக்காலம் நீண்டது. வாங்கிய விதைகளை ஈரத் துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் ஆறு வாரம் வைத்து, மார்கழியில் விதைத்தால் சில முளைக்கும். சித்திரை வரை பார்த்து மகிழலாம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். மகளிடம் திருப்பி அனுப்புவது விதைக்கு நல்லது.

இனி கல்லுக்கு வருகிறேன். இந்த இடுக்கு முறையை வளர்த்தெடுத்தவர்கள் செக் நாட்டுத் தோட்டக்காரர்கள். அவர்களில் ஸ்டெனெக் ஸ்வோலானெக் பல நாடுகளில் கட்டிக் காட்டியவர். பலகைக் கற்களை ஒரே திசையில், ஒரே சாய்வில், புத்தகங்களை அலமாரியில் நெருக்கி வைப்பது போல நட்டு, இடையில் விரல் அகல இடுக்கு விட்டு, அதில் சரளை மிகுந்த கலவையை இறுக்குவார்கள். மழைநீர் இடுக்கின் வழியே நேராகக் கீழே போய்விடும். செடியின் கழுத்து உலர்ந்திருக்கும். வேர் மட்டும் கல்லை ஒட்டியே இரண்டு அடி, மூன்று அடி இறங்கும். மேற்பரப்பை எவ்வளவு வெயில் சுட்டாலும் ஓர் அடி ஆழத்தில் கல்லுக்கு அடியில் ஈரம் நிற்கும். ஆவியாகித் தப்பிக்க அந்த ஈரத்துக்கு மெல்லிய இடுக்கைத் தவிர வேறு வழியில்லை.

கழுத்து உலர வேண்டும், வேர் குளிர வேண்டும் என்ற இந்த இரண்டும் நம் கடற்கரைக்கும் அப்படியே பொருந்தும். நம் பக்கத்தில் பாறைச் செடிகள் சாவது பெரும்பாலும் கோடையில் இல்லை, ஐப்பசி கார்த்திகையில் கழுத்து அழுகித்தான். செக் தலைநகர் பிராக்கில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 500 மி.மீ. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் கொட்டியது ஏறத்தாழ 480 மி.மீ. அவர்களுடைய ஓராண்டு நமக்கு ஒரே நாளில் வந்து போனது. ஆகவே அவர்கள் சொல்லும் அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், வடிகாலைப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும்.

கடப்பா கல் போதுமா? வடிவத்துக்கு அதைவிட வசதியான கல் நம் சந்தையில் இல்லை. தட்டையாக, ஒன்றிலிருந்து இரண்டு அங்குலத் தடிமனில் வருகிறது. கல் கடைகளில் அறுத்து மீந்த ஓரத்துண்டுகளும் உடைந்த பலகைகளும் மலிவாகக் கிடைக்கும்; உடைந்த விளிம்புதான் தோட்டத்துக்கு அழகு. நிறம் மட்டும் சிக்கல். கறுப்புக் கல் மே மாத வெயிலில் கை வைக்க முடியாதபடி சுடும், அந்தச் சூட்டை இரவிலும் வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். மதியத்துக்கு மேல் சுவர் நிழலோ மர நிழலோ விழும் இடமென்றால் கடப்பா போடுங்கள். திறந்த வெயில் என்றால் வெளிர் சாம்பல் நிறக் கருங்கல் பலகைதான் சரி. பழைய வீடு இடிக்கும் இடங்களில் கருங்கல் பலகை கிடைக்கும். திருவக்கரைப் பக்கம் குவாரிகளில் கேட்டால் பட்டையாக உடைந்த துண்டுகளும் கிடைக்கும். மண்ணில் புதையும் பகுதிக்குக் கடப்பா, வெளியில் தெரியும் கல்லுக்குக் கருங்கல் என்று கலந்து கட்டினாலும் தவறில்லை.

திருவக்கரை என்றதும் ஓர் எச்சரிக்கை. அங்கே தேசியக் கல்மரப் பூங்காவில் இருப்பவை சுமார் இரண்டு கோடி ஆண்டுப் பழைமையான மரங்கள். நிலவியலாளர்கள் கடலூர் மணற்கல் என்று பெயரிட்டிருக்கும் படிவுகளில் புதைந்து கல்லாகிப்போனவை. பூங்காவுக்கு வெளியே காட்டிலும் மேட்டிலும் துண்டு கிடந்தாலும் தோட்டத்துக்கென்று தூக்கி வராதீர்கள், யாராவது விற்றாலும் வாங்காதீர்கள்.

கல்லை எந்தத் திசையில் நடுவது என்பதில் ஐரோப்பிய வழிகாட்டுதல் நமக்கு உதவாது. அங்கே சூரியன் எப்போதும் தெற்கே தாழ்வாகப் போகும். புதுச்சேரி 12 டிகிரி வட அகலக்கோட்டில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் உச்சிக்குச் சற்று வடக்கே போகும். கிழக்கு மேற்காக இடுக்கு விட்டால் கோடையில் சூரியன் அந்தக் கோட்டின் மேலேயே காலையிலிருந்து மாலைவரை நடந்துபோவான். இடுக்குக்கு ஒரு நாழிகை நிழலும் கிடைக்காது. வடக்கு தெற்காக ஓட்டினால் நண்பகலையொட்டி மட்டும் வெயில் உள்ளே விழும், மற்ற நேரம் கல் மறைத்துக்கொள்ளும். கூடவே ஒவ்வோர் இடுக்கிலும் மேற்குப் பக்கத்துக் கல் கிழக்குப் பக்கத்துக் கல்லைவிட நான்கு விரல் உயர்ந்திருக்கட்டும். பிற்பகல் வெயிலையும், கடல் காற்று திரும்புவதற்கு முன் வீசும் அனல் மேல்காற்றையும் அந்த நான்கு விரல் தடுக்கும். மொத்த வேலையிலும் அதிகப் பலன் தருவது இந்த ஒரு சின்ன ஏற்பாடுதான் என்பது என் கருத்து.

உங்கள் பகுதி மேட்டு நிலம். கடலூரில் எங்களைப் போல மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் கவலை குறைவு. இருந்தாலும் பள்ளம் தோண்டிக் கட்டாதீர்கள். தரைக்கு மேலே மேடாகக் கட்டுங்கள்: நடுவில் இரண்டு அடி, ஓரங்களில் ஓர் அடி. அடியில் அரை அடிக்கு உடைந்த செங்கல்லும் ஒன்றரை ஜல்லியும். அதன்மேல் கலவை கொஞ்சம் பரப்பி, பெரிய பலகையை முதலில் நடுவில் நிறுத்தி, அதன் சாய்வைப் பார்த்து மற்றவற்றை இரு புறமும் அடுக்கிக்கொண்டு போங்கள். பலகையின் பாதிக்கு மேல் மண்ணுக்குள் இருக்க வேண்டும். இடுக்கு ஓர் அங்குலம் அல்லது சற்றுக் கூடுதல். சாய்வு எல்லாக் கல்லுக்கும் ஒன்றாக இருந்தால்தான் ஒரே பாறை வெடித்தது போலத் தெரியும். ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தால் கல் கடை வாசல் மாதிரி இருக்கும்.

கலவைக்கு நான் சொல்வது: கால் அங்குல ஜல்லிச் சிப்ஸ் இரண்டு பங்கு, பருமனான ஆற்று மணல் இரண்டு பங்கு, பட்டாணி அளவில் உடைத்த செங்கல் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய எரு அரைப் பங்கு. செங்கல் துண்டு நமக்கு முக்கியம். மழையில் மிதமிஞ்சிய நீரை விட்டுவிடும், வறட்சியில் கொஞ்சம் ஈரத்தை உள்ளே வைத்துக்கொள்ளும். ஆற்று மணல் கிடைக்காவிட்டால் எம்-சாண்ட் போடலாம், ஆனால் சலித்து அலசிவிட்டுத்தான். அதிலுள்ள கல்மாவு இடுக்குக்குள் இறங்கி நனைந்தால் சிமெண்ட் பூசியது போல இறுகிவிடும். கடற்கரை மணல் வேண்டாம். உப்பு, அதோடு மிக நைசு. தேங்காய் நார்க்கழிவை இந்தக் கலவையில் சேர்க்கவே வேண்டாம். மழையில் ஊறிக் கழுத்தை அழுகவைக்கும், கோடையில் ஒருமுறை காய்ந்தால் தண்ணீரை ஏற்கவே ஏற்காது.

கலவையைப் போட்டுக்கொண்டே மூங்கில் குச்சியால் குத்திக் குத்தி இறுக்குங்கள். உள்ளே பொந்து விட்டால் வேர் காய்வது ஒரு பக்கம், தேளும் பூரானும் குடிவருவது இன்னொரு பக்கம். கல் அடுக்குத் தோட்டம் என்றாலே நம் வீடுகளில் பாம்பு பயம் சொல்வார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். இடுக்கு முழுவதும் நிரம்பி, மேலே சிப்ஸ் போட்டு மூடியிருந்தால் புகுவதற்கு இடமிருக்காது.

கட்டும் வேலையை ஆடி ஆவணியில் முடித்து, செடி நடாமல் விட்டுவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை அதன்மேல் பெய்யட்டும். புதுச்சேரிக்கு ஆண்டில் கிடைக்கும் சுமார் 1,300 மி.மீ. மழையில் பாதிக்கும் மேல் அந்த மூன்று மாதத்தில்தான். எங்கே கலவை இறங்குகிறது, எங்கே நீர் நிற்கிறது, எந்தக் கல் ஆடுகிறது என்று மழை காட்டிக்கொடுத்துவிடும். தை பிறந்ததும் குறைந்த இடத்தில் நிரப்பி, அப்போது நடுங்கள். கோடை உறைப்பதற்குள் வேர் இறங்க மூன்று மாதம் கிடைக்கும்.

இனி செடிகள். எனக்குப் பிடித்த பகுதி.

ஜென்ஷியன் வேண்டும் என்றீர்கள். ஜென்ஷியன் குடும்பத்துச் செடி ஒன்று உங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டரில் கடலோரத் தரிசுகளில் தானாகவே முளைத்துக் கிடக்கிறது: வெள்ளறுகு. சித்த மருந்துக்குப் பிடுங்கும் அதே வெள்ளறுகுதான். கணுவுக்குக் கணு சின்ன வெள்ளைப் பூக்கள். கிள்ளி நாக்கில் வைத்தால் கசப்பு உச்சிக்கு ஏறும். ஆல்ப்ஸ் மலை ஜென்ஷியன் வேரும் அந்தக் கசப்புக்காகத்தான் ஐரோப்பாவில் மருந்தாகவும் மதுவாகவும் பெயர் பெற்றது. உப்புக் காற்று, மணல், வெயில் எதற்கும் அசராது. நிறம் மட்டும் நீலமில்லை. நீலத்துக்கு விஷ்ணுகிராந்தியை அடுத்த இடுக்கில் வையுங்கள். செம்மண் சரளையில் தரையோடு படர்ந்து, காலையில் சட்டைப் பொத்தானைவிடச் சிறிய தூய நீலப் பூக்களைத் திறந்து, வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். தொட்டியில் வளமான மண்ணில் வைத்தால் நீண்டு சொங்கிப்போகும். வறண்ட இடுக்கில்தான் அடக்கமாக நிற்கும்.

ஆல்பைன் தோட்டங்களில் வயலா என்ற சிறு பூச்செடி இல்லாமல் இருக்காது. அந்தக் குடும்பத்தில் நமக்கு ஓரிதழ் தாமரை இருக்கிறது. ஒற்றை இளஞ்சிவப்பு இதழை நீட்டி நிற்கும் அந்தச் செடியைப் பார்த்தால் வயலாவுக்கு உறவு என்று தோன்றாது, ஆனால் உறவுதான். விதையை அங்கேயே விட்டுவிட்டால் அடுத்த மழைக்குத் தானே வரும். உறவைத் தேடிக்கொண்டே போனால் பிரிமுலா என்ற இன்னொரு ஆல்ப்ஸ் பூச்செடியின் குடும்பத்தை இப்போதைய வகைப்பாட்டின்படி பிச்சாவரம் அலையாத்திக் காட்டிலும் காணலாம். ஈஜிசெராஸ் என்ற மரம் அந்தக் குடும்பம்தான். ஆனால் அதை இடுக்கில் வைக்க முடியாது. சேற்றில் நிற்கும் மரம்.

தோட்டத்தின் முதுகெலும்பாக நான் வைப்பது கள்ளிமுளையான். நான்கு பட்டைத் தண்டு, விரல் தடிமன், ஒரு சாண் உயரம், நுனியில் கருஞ்சிவப்புப் பூக்கள். இலைத்துளைகளை இரவில் திறந்து, பகலில் அடைத்துக்கொள்ளும் வகை. ஜென்ஷியனுக்கு எமனாகும் சூழலில் இது சுகமாக இருக்கும். துவையலுக்கும் ஆகும். ஒரே ஒரு நிபந்தனை, கழுத்தைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்குச் சிப்ஸ் மட்டும் இருக்க வேண்டும், மண் தொடக்கூடாது.

நிழல் விழும் வடக்கு ஓரத்தில் மயில்சிகை வையுங்கள். விசிறி போல விரியும் சிறு பெரணி. கோடையில் சுருண்டு பழுப்பாகிச் செத்ததுபோலக் கிடக்கும், மழை விழுந்த சில நாளில் பச்சையாக விரியும். சருகு என்று நினைத்துப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். நரிவெங்காயமும் இதே குணம்: ஆண்டில் பல மாதம் மண்ணுக்குள் கிழங்காக உறங்கி, இலை வருவதற்கு முன்பே பூத்தண்டை அனுப்பும். கிழங்கு நஞ்சு, பேரக்குழந்தைகள் வரும் வீடென்றால் யோசித்து வையுங்கள். மெத்தை உருவம் வேண்டுமென்றால் லெபிடகாதிஸ் கிரிஸ்டாட்டா என்ற சிறு செடி செம்மண் மேடுகளில் கிடைக்கும். தரையை ஒட்டி முள் பந்து போலத் திரளும்; அழகி என்று யாரும் சொல்லமாட்டார்கள், எனக்கு அதன் முரட்டுத்தனம் பிடிக்கும்.

வண்ணத்துக்கு டேபிள் ரோஸ் போடலாம். தென் அமெரிக்காவிலிருந்து வந்தது என்றாலும் நம் வெயிலுக்காகவே பிறந்தது. ஆனால் ஒரு மூலைக்கு மேல் விடாதீர்கள், இடுக்கையெல்லாம் மூடிவிடும். அடீனியம் ஒன்றை உயரமான கல்லின் அடியில் நட்டால் சில ஆண்டில் அடித்தண்டு பெருத்துக் கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிரண்டை, மருள் இரண்டும் பாறைச் செடிகள்தான், ஆனால் பத்துக்கு ஆறு அடிக்கு அவை அதிகம்.

எங்கே வாங்குவது? காப்புக்காட்டிலிருந்து தோண்டி எடுக்காதீர்கள். ஆரோவில் தாவரவியல் தோட்டத்தின் நாற்றங்காலில் இந்தப் பகுதிக்குரிய செடிகள் வளர்க்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். வெள்ளறுகு, விஷ்ணுகிராந்தி, ஓரிதழ் தாமரை மூன்றுக்கும் மனை போட்டுக் கட்டடம் எழும்பப்போகும் தரிசில் விதை சேகரித்தால் போதும். கல் அடுக்குவதற்கு முன் ஒரு நாள் செஞ்சிக்குப் போய்வாருங்கள். கோட்டையைப் பார்க்க வேண்டாம், படிக்கட்டின் இரு புறமும் பாறை எப்படி வெடித்திருக்கிறது, எந்த வெடிப்பில் எந்தச் செடி எந்தப் பக்கம் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். எந்த வரைபடமும் அதற்கு ஈடாகாது.

நட்டபின் தண்ணீர். விடியற்காலையில் மட்டும். மாலையில் கல் இன்னும் சூடாக இருக்கும். சுடு கல்லில் ஊற்றினால் இடுக்குக்குள் வெந்நீர்தான் இறங்கும். முதல் கோடையில் வாரம் இருமுறை, மெல்ல, இடுக்கின் நீளத்துக்கு. மறு ஆண்டு முதல் அதுவும் குறையும். உப்பேறிய ஆழ்குழாய் நீர் என்றால் கல்லில் வெள்ளைப் படலம் கட்டுவதைப் பார்ப்பீர்கள், அதைக் கொஞ்சமாகவே பயன்படுத்துங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் பல வீட்டில் இருக்கிறது. இந்தத் தோட்டத்துக்கு அது கூடவே கூடாது; வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது.

களையில் இரண்டைத்தான் அஞ்ச வேண்டும். கோரை ஒன்று. செம்மண்ணோடு அதன் கிழங்கு வந்துவிட்டால் பிறகு கல்லையெல்லாம் பெயர்க்க வேண்டியிருக்கும், மண்ணைச் சலித்தே போடுங்கள். மற்றொன்று அரசங்கன்று. பறவை எச்சத்தில் விழுந்த விதை எந்த இடுக்கிலும் முளைக்கும்; கோபுரங்களையே பிளக்கும் வேர் உங்கள் கடப்பாவை விட்டுவைக்காது. இரண்டு இலை நிலையில் கிள்ளாமல் வேரோடு உருவி எடுங்கள். மழை முடிந்த மாதத்தில் வாரம் ஒரு முறை குனிந்து பார்த்தால் போதும். அப்போதே நத்தையையும், தண்டுக் கழுத்தில் மாவுப்பூச்சியையும் பார்த்துவிடலாம்.

இதைப் படிப்பவர்களில் மாடியில் மட்டும் இடமுள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. இதே தோட்டத்தை மாடியில் கட்டாதீர்கள். நனைந்த மண்ணும் கல்லும் ஒரு கன மீட்டருக்குச் சுமார் இரண்டு டன் எடை. ஒன்றரை அடி உயரத்துக்கு அடுக்கினாலே சதுர மீட்டருக்கு ஆயிரம் கிலோவை நெருங்கும். வீட்டு மொட்டை மாடிக்குப் பொறியாளர்கள் வழக்கமாகக் கணக்கிடும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுதான். மாட்டுக்குக் கழுநீர் வைத்த பழைய கல் தொட்டி எங்காவது கிடைத்தால், அதை மாடிக்கு ஏற்றாமல் கீழே வாசல் திண்ணை ஓரத்தில் வைத்து, அடியில் இரண்டு துளை போட்டு, கடப்பாத் துண்டுகளை நிறுத்தி, ஒரு கள்ளிமுளையானும் ஒரு விஷ்ணுகிராந்தியும் நடுங்கள். துளையைக் கல் தச்சரைக் கொண்டு போடுவது நல்லது, வீட்டுச் சுத்தியலால் தட்டினால் தொட்டி விரிந்துவிடும்.